கோடை எங்கே போச்சு?

ஒரு சின்னக் கேள்வி. தமிழில் பெரும்பொழுது எத்தனை? ஆறு என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியதாச்சே. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் ஆரம்பித்து இரண்டிரண்டு மாதமாக எண்ணிக்கொண்டு வந்தால் ஆடியில் வந்து முடியும்.

சரி. இதில் கோடை எங்கே?

இல்லை! மார்ச் பிறந்தவுடனே டிவியில், பேப்பரில், பேருந்து நிலையத்துத் தர்பூசணிக் கடையில், எங்கே பார்த்தாலும் கோடை கோடை என்கிறோமே, அந்தச் சொல் ஆறு பருவப் பட்டியலில் கிடையாது. இது போன செமஸ்டர் லீவில்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். தெர்மோடைனமிக்ஸ் படிக்கிறவனுக்கு வெப்பத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லையா என்ன? :-)

முதலில் வேனிலை முடித்துவிடுகிறேன். வேனில் என்பதில் இருக்கிற ‘வே’தான் வேகிறது, வெந்தது என்பதிலும் இருக்கிறது. வெயில், வெப்பம், வெம்மை, வெந்நீர் எல்லாம் சொந்தக்காரர்கள். கன்னடத்தில் ‘பேசிகெ’, தெலுங்கில் ‘வேசவி’, மலையாளத்தில் ‘வேனல்’ எல்லாம் இந்தக் குடும்பம்தான். கேரளத்துப் பையன்களுக்கு இன்றைக்கும் பள்ளி லீவு ‘வேனல் அவதி’. அவர்கள் தினமும் புழங்குகிற சொல்லை நாம் செய்யுளில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். நம் ஊரில் எந்த அம்மாவாவது “வேனில் வந்திருச்சு, வத்தல் போடணும்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதைவிட வேடிக்கை, வேகிற வேரிலிருந்து வந்த இந்தச் சொல் நம் இலக்கியத்தில் காதல் பருவமாகிவிட்டது. வேனிலான் என்றால் மன்மதன்! சொல்லிலேயே அனல் இருக்கிறது, ஆனால் கேட்டால் மல்லிகைப்பூ வாசம் வருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. முதுவேனில் என்றால் ஆனி, ஆடி. பெயரைப் பார்த்தால் இளசு லேசாகவும் முதுசு கடுமையாகவும் இருக்க வேண்டும் அல்லவா? நடப்பது என்ன? கத்திரி வெயில் விழுவது மே 4-ஐ ஒட்டி, முடிவது மே 28-ஐ ஒட்டி. அதாவது முழுக்க முழுக்க ‘இள’ வேனிலில். ஆனி, ஆடியிலோ குற்றாலத்தில் சாரல் கட்டிச் சீசன் களைகட்டும். முதுவேனிலில்தான் நாம் அருவியில் குளிக்கப் போகிறோம்! பஞ்சாங்கத்துக் கத்திரிக்கு வானிலைத் துறையின் கணக்கில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடக்கிற நாட்களை வைத்துப் போடுகிற கணக்கு அது. சென்னை மீனம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்று நாள் கழித்து. வெயிலுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது போல.

இனி கோடைக்கு வருவோம். பருவப் பட்டியலில் இல்லாத இந்தச் சொல் வேறொரு பட்டியலில் இருக்கிறது. அதுவும் நாம் படித்ததுதான், மறந்துவிட்டோம். நான்கு திசைக் காற்றுகள்: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை.

ஆக, கோடை என்பது ஒரு காற்றின் பெயரும்கூட. சங்கப் பாட்டுகளின் உரைகளில் கோடைக்கு ‘மேல்காற்று’ என்று பொருள் எழுதியிருப்பார்கள். எங்கள் அப்பத்தா சொல்கிற ‘மேக்காத்து’ அதேதான். மற்ற மூன்று காற்றும் காற்றாகவே இருந்துவிட்டன. தென்றல் சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டது. வாடையை வாசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் (மீன் வாடை, சாக்கடை வாடை... பாவம் அந்த வடகாற்று). கொண்டலைக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டோம். கோடை மட்டும் காற்றிலிருந்து பருவமாக வளர்ந்து, பருவத்திலிருந்து லீவாக மாறி, சில பேருக்கு ஊராகவும் ஆகிவிட்டது.

ஊர் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். (வெற்றிலைக்குண்டுதான் வத்தலக்குண்டு ஆச்சு என்பார்கள். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.) எங்களுக்குக் ‘கோடை’ என்றால் முதலில் ஞாபகம் வருவது மலைதான். “அண்ணே, கோடைக்கு எத்தன மணிக்குப் பஸ்?” என்பது எங்கள் பேருந்து நிலையத்தில் நாளெல்லாம் கேட்கிற கேள்வி. “கோடைக்குக் கோடைக்குப் போனோம்” என்று எங்கள் ஊர்ப் பையன் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, கொழுப்பும் இல்லை. அதே ‘கோடை’யை ரேடியோவிலும் கேட்டு வளர்ந்தோம். கோடைப் பண்பலை மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பாவதால் தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் கேட்கும். ஆக, உலகத்துக்கெல்லாம் சூடான ஒரு சொல் எங்கள் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறது.

எங்கள் ஊருக்கு மட்டும் அந்தக் குளிர் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கார் காராக மேலே போவார்கள். வத்தலக்குண்டில் இறங்கி, டீ குடித்து, “அய்யோ என்ன வெயில்டா இது” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்கள். நாங்கள் அந்த வெயிலில்தான் குடியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றாது போல. ரயிலில் வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ‘கோடைக்கானல் ரோடு’ என்று போர்டைப் பார்த்து ஆசையாக இறங்குவார்கள், இறங்குகிற இடம் அம்மையநாயக்கனூர், கோடைக்கானலுக்கு இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்! மலை சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் எங்களுக்கும் அவர்களுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒரே வானம், ஒரே மாவட்டம், பத்து டிகிரிக்கு மேல். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி மேலே போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. எங்கள் வெயிலுக்கு வர மட்டும் எந்தப் பாஸும் தேவையில்லை.

அந்த மலைக்கு ஏன் கோடை என்று பெயர்? “கோடைக்காலத்தில் போகிற கானல், அதான் கோடைக்கானல்” என்று டூரிஸ்ட் கைடுகள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் பயந்து அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். ஏரி வெட்டியது 1863-இல். ‘கோடை வாசஸ்தலம்’ என்கிற எண்ணமே வெள்ளைக்காரர்களோடு வந்தது. ஆனால் புறநானூற்றில் (205-ஆம் பாட்டு) பெருந்தலைச் சாத்தனார் கோபித்துக்கொண்டு பாடுகிற கடிய நெடுவேட்டுவன் கோடை மலைத் தலைவன். பரிசில் தரத் தாமதம் செய்தான் என்று புலவருக்குக் கோபம். அந்த மலைதான் இன்றைய கோடைக்கானல் மலை என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் ஹனிமூன் ஜோடிகளுக்கும் ஐஸ்க்ரீமுக்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே அது கோடைதான். லீவுக்காக வந்த பெயராக இருக்க வழியில்லை. எனக்கு என்னவோ மேற்கே நிற்கிற மலை, மேல்காற்று வருகிற மலை என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. (போகிற போக்கில் ஒன்று: சூரியனுக்குப் பயந்து ஓடுகிற அந்த மலையில்தான் சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-இல் ஆய்வகம் அமைத்தார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்று எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான், 1909-இல்.)

இங்கேதான் என் ரூம்மேட் வருகிறான். இடுக்கி மாவட்டத்துக்காரன். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு, நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை. ஒரு நாள் அவன் அம்மாவோடு போனில் பேசிவிட்டு வந்து, “வீட்டில் நல்ல கோடயாணு” என்றான். ஜூலை மாதம். எனக்குப் புரியவில்லை. உங்கள் ஊரில் ஜூலையில் மழைதானே, கோடை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மலையாளத்தில் ‘கோட’ என்றால் மூடுபனி. கோடமஞ்ஞு. எதிரில் வருகிற ஆள் தெரியாத அளவுக்கு இறங்கும் வெள்ளைப் பனி.

நாங்களும் பேச்சில் ‘கோட’ என்றுதானே சொல்கிறோம்? கோடமழ, கோட ஒழவு, கோட லீவு. உச்சரிப்பில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த பனி, இந்தப் பக்கம் வறண்ட அனல்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் தெர்மோடைனமிக்ஸ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம் (பரீட்சைக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை). அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது மேல்காற்று. மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, ஈரம் மேகமாகவும் பனியாகவும் மழையாகவும் ஆகிறது. ஈரம் நீராகும்போது வெளிவிடுகிற வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால் அது மெதுவாகத்தான் குளிரும். உச்சியைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் பெரும்பாலும் போய்விட்டது. காய்ந்த காற்று கீழே இறங்கும்போது அமுங்கும், அமுங்கினால் சூடாகும், கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து டிகிரி. ஏறும்போது குறைந்ததைவிட இறங்கும்போது கூடுவது அதிகம். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பியதைவிட இந்தப் பக்கம் வந்து சேரும்போது காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். அவனுக்குக் கோட கொடுத்த அதே காற்றுதான் எனக்குக் கோடை கொடுக்கிறது. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு கிளை என்றுதான் நான் நினைக்கிறேன். மலையின் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சென்னையைப் பாருங்கள். ஹாஸ்டலில் மே கடைசியில் மதியம் இரண்டு மணிக்கு ஃபேன் அனலைக் கக்குமே, அப்போது எல்லோரும் என்ன சொல்கிறோம்? “இன்னிக்கு இன்னும் கடல்காத்து வரல” என்கிறோம். ஏன் வரவில்லை? மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக அடித்துக் கடல்காற்றை உள்ளே விடாமல் தள்ளிவைக்கிறது. கடல்காற்று பன்னிரண்டு மணிக்கு வந்தால் பிழைத்தோம், மூன்று மணிக்கு வந்தால் செத்தோம். சென்னையைப் பொசுக்குவது வெறும் சூரியன் இல்லை, சங்க உரைகாரர் சொன்ன அதே கோடை, மேல்காற்று! காற்று, வெப்பம் என்று அகராதி இரண்டு பொருளாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. மீனம்பாக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று.

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் இதே காற்றைக் கச்சான் என்பார்கள். அங்கேயும் நடுவில் மலைநாடு, அதைத் தாண்டி இறங்கி வந்து வறட்டுகிற காற்று. (கச்சான் என்றால் அவர்களுக்கு நிலக்கடலையும்கூட. காற்றையா கடலையையா சொல்கிறார்கள் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.) யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள்.

சினிமாவை விடலாமா? 1981-இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தில் மலேசியா வாசுதேவன் கோடைக்காலத்துக் காற்றைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடுவாரே, எல்லோருக்கும் பிடித்த பாட்டு. எனக்கும் உயிர். ஆனால் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், அந்தப் படம் ஊட்டியில் நடக்கிறது. ஊட்டியில் இருக்கிறவர்கள் தாராளமாகக் கோடைக்காற்றைக் கூப்பிடலாம். வத்தலக்குண்டில் நின்றுகொண்டு எவனும் கூப்பிட மாட்டான்.

கோடையோடு சேர்ந்து வருகிற சொற்களையும் கொஞ்சம் பார்க்கலாம். கோடை விடுமுறை. நம் வயசுக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் முழு அர்த்தமே இதுதான். அந்த விடுமுறையும் இப்போது நீண்டுகொண்டே போகிறது. 2023-இல் ஜூன் 1-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிக்கூடங்களை வெயிலால் 7-ஆம் தேதிக்கும், பிறகு 12-ஆம் தேதிக்கும் தள்ளிவைத்தார்கள். என் தம்பி அன்றைக்குக் குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கோடை உழவு. எங்கள் ஐயா வாயில் ‘கோடை உழவு கோடி நன்மை’ என்பது சும்மா சும்மா வரும். சித்திரையில் ஒரு மழை பெய்தால் போதும், மறுநாள் உழுதுவிட வேண்டும். அறுவடை முடிந்து கெட்டியாகிக் கிடக்கிற மேல்மண் உடையும், அடுத்த மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும், மண்ணுக்குள் பதுங்கியிருக்கிற கூட்டுப்புழுவெல்லாம் வெயிலில் வந்து விழும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். மருந்து அடிக்காமல் புழுவைக் கொல்கிற வேலையைக் கோடை செய்கிறது.

கிணறு, நிலம் வாங்கும்போது கேட்கிற கேள்வியும் உண்டு: “கோடைக்குத் தாங்குமா?” கார்த்திகையில் எந்தக் கிணறுதான் நிறையாது? கோடையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான் விலை. இங்கே கோடை என்பது பருவம்கூட இல்லை, ஒரு பரீட்சை.

கோடை மழை. இதைக் கவிதை எழுதுகிறவர்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். மண்வாசனை, காதலி, நனைந்த தாவணி... எங்கள் ஐயாவுக்குக் கோடை மழை என்றால் உழவு. ஆனால் எங்கள் பெரியப்பாவுக்குக் கோடை மழை என்றால் நஷ்டம். அவர் செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். தை பிறந்தால் சூளையில் சேர்வார்கள், மழை பிடிக்கிற வரைக்கும் வேலை. மண்ணைக் குழைத்து அச்சில் போட்டு அறுத்து வரிசையாகக் காயவைத்திருக்கிற பச்சைக் கல்லின்மேல் பெருமழை விழுந்தால் அத்தனையும் மறுபடி சேறு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதைக் கழிக்க வேண்டும். அதனால் ஊரே வானத்தைப் பார்த்து மழை மழை என்று கும்பிடுகிற சித்திரையில் பெரியப்பா வீடு மட்டும் மழை வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் இரண்டு வேண்டுதல்.

பெரியப்பா 2019 மே மாதம் இறந்தார். சூளையைப் பிரித்து லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்த கல்லின் சூடு அடியில், வெயில் தலையில். மத்தியானம் பேச்சுக் குழறியதாம், வேர்வை நின்றுவிட்டதாம், உடம்பு அடுப்பு மாதிரிச் சுட்டதாம். தண்ணீர் தெளித்து நிழலில் போட்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. எனக்கு அப்போது பதினாலு. சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தானே செய்யும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “வெயில் அடிச்சிருச்சு.” பேய் அடித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. அடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காகிதத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இப்போது காகிதத்திலும் ஒரு சொல் வந்திருக்கிறது. வெப்ப அலை. வானிலைத் துறை இதற்கு அளவு வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியாவது தொட வேண்டும், கடற்கரை ஊர்களில் 37, மலையில் 30. கூடவே வழக்கமான வெப்பத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வெள்ளம், புயல் மாதிரி வெயிலும் ஒரு பேரிடர் என்று ஒத்துக்கொண்டார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் சொல்லை உற்றுப் பாருங்கள். ‘வெப்ப அலை’ என்றால் எங்கிருந்தோ வந்து, நாலு நாள் அடித்து, போய்விடுகிற ஒன்று. சூளையில் வேலை செய்கிறவருக்கு அது வந்து போவது இல்லை. வழக்கமான நாளே அவருக்கு நாற்பதுக்கு மேல். வெளியே 38 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டுகிற நாளில் பிரித்த சூளைக்குப் பக்கத்தில் எவ்வளவு இருக்கும்? அன்றைக்கு வெப்ப அலை இல்லை என்று ஆகிவிடுமா? நிவாரணத்துக்கு மரணக் காரணம் என்னவென்று சான்று வேண்டும். அந்தச் சான்றில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால்தான் நான் சொற்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் இந்த அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். அறிவிப்பு 2024, பெரியப்பா போனது 2019, அதனால் நமக்கு ஒன்றும் வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரியம்மா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அலையா? அலை கடல்லல்லடா வரும்?” என்றார். அப்புறம், “உங்க பெரியப்பா கோடையில போனாருன்னுதான நாங்க சொல்லுவோம்?” என்றார். உண்மைதான். எங்கள் வீட்டில் ‘அந்தக் கோடை’ என்றால் ஒரே ஒரு வருஷம்தான். தம்பி காதுகுத்து அந்தக் கோடைக்கு முன்னாடி, மாடு விற்றது அந்தக் கோடைக்குப் பின்னாடி.

பெரியம்மா இப்போதும் அதே சூளைக்குத்தான் போகிறார். அதிகாலை மூன்று மணிக்குப் போய் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுகிறார். மத்தியான லோடுக்குப் போவதில்லை. “மேக்காத்து எறங்குறதுக்குள்ள வந்துரணும்” என்பார். அவர் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. மேற்கே மலை உச்சி தெளிவாகத் தெரிந்தால் ஒரு கணக்கு, மேகம் குந்தியிருந்தால் ஒரு கணக்கு. ரூம்மேட்டிடம் இதைச் சொன்னேன். அவன் வீட்டில் கோட இறங்கியிருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுச் சொன்னால் எங்கள் பெரியம்மாவுக்கு முன்னறிவிப்பு ரெடி என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அடுத்த ஆனியில் ஒரு வாரம் இரண்டு பேரும் குறித்துவைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்: அங்கே பனி, இங்கே எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசை.

உங்கள் ஊரில் மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு என்ன பெயர்? கோடை என்று யாராவது இன்னும் காற்றைச் சொல்கிறார்களா? கடலோரத்துக்காரர்கள் கட்டாயம் சொல்லுங்கள். தூத்துக்குடிப் பையன் ஒருவன் கச்சான் என்றுதான் அவர்களும் சொல்வார்கள் என்றான். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.